கிறில் சிக்கன் சலாட்: பெட்டிக்குள் இருப்பது என்ன?

யாழ்ப்பாணம் வைத்தியசாலை வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் 2013 இல் திறக்கப்பட்டபோது, அதனுடன் கே.எப்.சி.யும் குடாநாட்டுக்கு வந்தது. அதுவரை வெளியே சாப்பிடுவது என்றால் எங்களுக்குக் கொத்து ரொட்டி, ரோல்ஸ், தோசை, வடை என்ற அளவில்தான் இருந்தது. போதனா வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே பொரித்த கோழிக்கு வரிசை நின்றதை அந்த நாட்களில் பலரும் பகிடியாகப் பேசிக்கொண்டார்கள். அதன் பின்னர் நகரிலும் திருநெல்வேலியிலும் உள்ளூர் முதலாளிகளின் துரித உணவுக் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பேர்கர், பீட்சா, ஷவர்மா என்று தொடங்கிய விலைப்பட்டியல்களின் கடைசியில் இப்போது இன்னொன்றும் இருக்கிறது. கிறில் சிக்கன் சலாட்.

அதை வாங்குபவர்கள் யார் என்று சில கடைகளில் விசாரித்தேன். உடம்பைக் குறைக்க நினைக்கும் இளையவர்கள், உடற்பயிற்சி நிலையத்துக்குப் போய்வரும் பெடியள் என்று முதலில் சொன்னார்கள். பிறகு சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. சலரோகம், பிரஷர் உள்ள பெற்றோருக்காகப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசி வழியாகப் பணம் கட்டி, இங்குள்ள அம்மா அப்பாவின் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் உண்டாம்.

கோப்பாய்ப் பக்கம் வசிக்கும் ஐம்பது வயது கடந்த ஒருவரை எனக்குத் தெரியும். வன்னியில் இறுதி யுத்தத்தில் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். சிறிய கடை ஒன்றில் இருந்தபடி வேலை செய்கிறார். பேச்சுவாக்கில் அவர் சொன்னது இது: "நான் இரவிலை சோத்தை விட்டிட்டன் பிள்ளை. மகன் வாங்கித் தாற உந்த இலைச் சாப்பாடுதான். எண்டாலும் பிரஷர் குறையேல்லை, நிறையும் கூடிக்கொண்டுதான் போகுது."

சோற்றை விட்டவருக்கு ஏன் நிறை கூடுகிறது? பெட்டியைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

நிறுத்துப் பார்த்தது

நகரில் உள்ள ஒரு கடையில் கிறில் சிக்கன் சலாட் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, பகுதி பகுதியாகப் பிரித்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். இலையும் மரக்கறியும் 150 கிராம். எலும்பும் தோலும் இல்லாத கோழி நெஞ்சிறைச்சி 95 கிராம். பொரித்த பாண் துண்டுகளும் துருவிய சீஸும் சேர்ந்து 25 கிராம். தனியாகத் தந்த இரண்டு சிறு கோப்பை வெள்ளைச் சோஸ் 40 கிராம். இது ஒரு கடையின் ஒரு பெட்டி மட்டுமே. இன்னொரு கடையில் கோழி கூடலாம், சோஸ் குறையலாம். ஆனால் கணக்குப் பார்க்கும் முறை எந்தப் பெட்டிக்கும் ஒன்றுதான்.

பொதுவான உணவு அட்டவணைகளின்படி, தோல் நீக்கி வாட்டிய கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 165 கலோரியும் 31 கிராம் புரதமும் உள்ளன. கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு. ஆகவே பெட்டியில் இருந்த 95 கிராம் கோழி தருவது சுமார் 155 கலோரி, 29 கிராம் புரதம். அறுபது கிலோ நிறையுள்ள ஒரு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு பெட்டியிலேயே வந்துவிடுகிறது. இந்த விடயத்தில் கிறில் சிக்கன் சலாட் தன் பெயரைக் காப்பாற்றுகிறது. பொரித்த கோழியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். கே.எப்.சி. அமெரிக்காவில் வெளியிட்ட அட்டவணையில் அதன் வழமையான பொரித்த நெஞ்சுத்துண்டு ஒன்றுக்கு 390 கலோரியும் 21 கிராம் கொழுப்பும் கணக்கிடப்பட்டிருந்தன.

இலையும் மரக்கறியும் 150 கிராம் என்றாலும் அவற்றின் சக்தி முப்பது கலோரி அளவில்தான். பாண் துண்டும் சீஸும் சேர்ந்து நூறு கலோரி வரும்.

மிச்சம் இருப்பது சோஸ். நான் வாங்கியது மயோனைஸ் வகை. வழமையான மயோனைஸ் என்பது பெரும்பகுதி எண்ணெய்தான். 100 கிராமில் 680 கலோரி வரை இருக்கும். நாற்பது கிராமுக்கு 270 கலோரி. பெட்டியின் நிறையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சோஸ், அதன் மொத்தச் சக்தியில் கிட்டத்தட்டப் பாதியைத் தருகிறது.

இதை எங்கள் கோப்பைக்கு மாற்றிச் சொல்கிறேன். அவித்த சோறு 200 கிராமில் ஏறக்குறைய 260 கலோரி உண்டு. கோப்பாய்க்காரர் விட்ட சோறு இரண்டு சிறு கோப்பைச் சோஸாக அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. சோற்றோடு என்றால் ஒரு பருப்பு, ஒரு கீரை, ஒரு மீன் துண்டாவது கூட வந்திருக்கும்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

கலோரியை விட எனக்குப் பெரிய கவலை உப்பு. வெறும் கோழி இறைச்சியில் சோடியம் மிகக் குறைவு. 100 கிராமுக்கு 75 மில்லிகிராம் அளவில்தான். ஆனால் துரித உணவுக் கடைக்கு வரும் கோழி பெரும்பாலும் வெறும் கோழி அல்ல. வாட்டும்போது காய்ந்து போகாமல் இருக்க உப்பு நீரில் ஊறவைக்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் உப்பும் பொஸ்பேற்றும் கலந்த நீரை ஊசியால் இறைச்சிக்குள் ஏற்றும் முறையும் உண்டு. அதன் மேல் மசாலாத் தூள், பிறகு சீஸ், பிறகு சோஸ். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவருகிறது. இலையின் குளிர்ச்சியில் அந்த உப்பு நாக்குக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பாகச் சொன்னால் ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் உள்ள எங்கள் வீடுகளில் அந்த எல்லை ஏற்கெனவே மதியத்துக்குள் முடிந்துவிடும்.

உப்பும் எண்ணெயும் ஒரு சலாட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கனடாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மக்டொனால்ட்ஸின் புதிய கேல் கீரைச் சலாட் ஒன்றின் கணக்கைச் செய்தியாக்கியது. மொறுமொறுப்பான கோழியும் சோஸும் சேர்ந்த நிலையில் அதில் 730 கலோரி, 53 கிராம் கொழுப்பு, 1,400 மில்லிகிராம் சோடியம். அதே நிறுவனத்தின் டபுள் பிக் மக் பேர்கரில் 680 கலோரிதான். அது பொரித்த கோழி போட்ட சலாட். கிறில் கோழி என்றால் கணக்கு இறங்கும். ஆனால் சோஸ் அதே சோஸ்தான்.

அந்தச் செய்தி வெளிவர முடிந்ததற்குக் காரணம், நிறுவனம் தன் உணவின் கணக்கை வெளியிட்டிருந்தது. ஒன்ராறியோவில் 2017 ஜனவரியிலிருந்து இருபதும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள் விலைப்பட்டியலிலேயே கலோரியை எழுத வேண்டும். அமெரிக்காவில் 2018 மே முதல் அப்படி. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் பெரிய உணவு நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து அப்பாவுக்குச் சலாட் ஓடர் செய்யும் மகள், தனக்கு வாங்கும்போது கணக்கைப் பார்த்து வாங்குகிறாள். அப்பாவுக்கு வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்குகிறாள். இலங்கையில் மென்பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு 2016 இல் வந்தது. பின்னர் பொதி செய்யப்பட்ட உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று அது விரிந்தது. ஆனால் யாழ்ப்பாணக் கடைகளின் பலகையில் இருப்பது விலை மட்டும். ஊடகக் கற்கையில் விளம்பரங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகிய எனக்கு, பச்சை இலையின் படம் எந்தச் சட்டமும் கேட்காத நிறக் குறியீடு என்றே தோன்றுகிறது.

பட்டினி கண்ட உடம்பு

இவ்வளவையும் கொழும்பில் இருக்கும் ஒருவருக்கும் சொல்லலாம். எங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ் பிறந்தவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறோம். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்ட பின், கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த குடாநாட்டில் கருவில் இருந்தவர்கள் இன்று பதின்வயதின் கடைசியில் இருக்கிறார்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் உப்புப் போட்ட கஞ்சியை மட்டும் குடித்த தாய்மாரின் வயிற்றிலும் மடியிலும் இருந்த பிள்ளைகளுக்கும் அதே வயதுதான். துரித உணவுக் கடைகளின் மேசைகளில் பின்னேரங்களில் கூடும் முகங்களில் பெரும்பாலானவை இந்த வயதினரின் முகங்கள்.

கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்டினியைச் சந்தித்த உடம்பு பிற்காலத்தில் என்ன ஆகிறது என்பதை வேறு போர்கள் காட்டியிருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியர் உணவு வழியை மறித்தபோது நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்கள், ஐம்பது வயதை எட்டியபோது குருதியில் சீனியைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்தவர்களாக இருந்தார்கள். நைஜீரியாவின் பியாஃப்ரா போர் 1967 முதல் 1970 வரை நடந்தது. அங்கும் முற்றுகை, அங்கும் பட்டினி. அப்போது கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களை நாற்பது வயதில் பரிசோதித்த ஆய்வு 2010 இல் வெளியானது. போருக்குப் பின் பிறந்தவர்களை விட அவர்களிடம் உயர் குருதி அமுக்கமும், சீனியைக் கையாள்வதில் குறைபாடும், அதிக உடல்நிறையும் கூடுதலாகக் காணப்பட்டன. உக்ரேனில் 1932-33 பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று 2024 இல் வெளியான ஆய்வு சொன்னது.

காரணத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். குறைந்த உணவில் பிழைக்கப் பழகிய உடம்பு, கிடைப்பதைச் சேமித்து வைக்கிறது. பிறகு எண்ணெயும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும் காலம் வரும்போது, அதே பழக்கம் எதிராகத் திரும்புகிறது. இதை வைத்து எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் சலரோகம் வரும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் முப்பது வயதிலேயே குருதியில் சீனியையும் அமுக்கத்தையும் சோதித்துப் பார்ப்பதற்கு இது போதுமான காரணம். அரச வைத்தியசாலைகளில் அதற்குப் பணம் தேவையில்லை.

கால் இழந்தவர்களின் நிலை இன்னும் குறிப்பானது. இரண்டாம் உலகப் போரில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரை முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1980 இல் வெளிவந்தது. முழங்காலிலோ முழங்கையிலோ அல்லது அதற்கு மேலோ அவயவம் துண்டிக்கப்பட்டவர்களிடையே இதய, குருதிக்குழாய் நோயால் ஏற்பட்ட மரணங்கள் மற்றக் காயக்காரர்களிடையே இருந்ததை விட அதிகம். நடமாட்டம் குறைவதால் செலவாகும் சக்தி குறைகிறது, நிறை ஏறுகிறது. செயற்கைக் கால் பாவிப்பவருக்கு இதில் உடனடித் தொல்லை ஒன்றும் உண்டு. சில கிலோ கூடினாலே மிச்சக் கால் செயற்கைக் காலின் குழிக்குள் சரியாகப் பொருந்தாது. உரசிப் புண்ணாகும். சலரோகமும் இருந்தால் அந்தப் புண் ஆற நாளெடுக்கும். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் பொருத்தும் ஜெய்ப்பூர் நிலையத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வருபவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தேவை இன்னும் நுணுக்கமானது. அசைவு குறைவென்பதால் கலோரி குறைய வேண்டும். படுக்கைப் புண் வராமலும், வந்தால் ஆறவும் புரதம் கூட வேண்டும். படுக்கைப் புண் உள்ளவர்களுக்கும் அது வரும் ஆபத்துடன் உடல் மெலிந்திருப்பவர்களுக்கும், உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஐம்பது கிலோ நிறையுள்ளவருக்கு 62 முதல் 75 கிராம். சோஸ் இல்லாத வாட்டிய கோழியும் இலையும் இவர்களுக்கு உண்மையிலேயே நல்ல சாப்பாடு. சோறும் சொதியுமாக நாள் ஓட்டும் பல வீடுகளில் குறைவது இந்தப் புரதம்தான். அதனால் சலாட்டை வேண்டாம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அது தன் பெயருக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிறுநீரக நோயாளிகள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகள் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவை. அங்கிருந்து இங்கு வந்து குடியேறியவர்களும் உண்டு. அவர்களுக்குக் கூடிய புரதம், தக்காளியிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம், இறைச்சிக்குள் ஏற்றிய பொஸ்பேற்று ஆகிய மூன்றுமே அளவு பார்த்து எடுக்க வேண்டியவை.

ஐஸ்பேர்க்கும் முருங்கையிலையும்

இனி இலைக்கு வருவோம். துரித உணவுச் சலாட்டில் அதிகம் போடுவது ஐஸ்பேர்க் எனப்படும் வெளிறிய சலாது. மலைநாட்டுக் குளிரில் விளைந்து லொறியில் வருவது. மொறுமொறுப்பாக இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அதில் 95 வீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் கல்சியம் 18 மில்லிகிராம், இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு, விற்றமின் சி 3 மில்லிகிராம். எங்கள் வேலியில் நிற்கும் முருங்கையின் பச்சை இலை 100 கிராமில் கல்சியம் 185 மில்லிகிராம், இரும்பு 4 மில்லிகிராம், விற்றமின் சி 50 மில்லிகிராமுக்கு மேல், புரதமே 9 கிராம். முருங்கையிலையை யாரும் பச்சையாகச் சலாட்டில் போடப் போவதில்லை; வறை வறுக்கும்போது விற்றமின் சி குறையும் என்பதும் உண்மை. குறைந்த பின்னும் ஐஸ்பேர்க் அதன் பக்கத்தில் நிற்காது.

பச்சையாகச் சாப்பிடுவதற்கு எங்களிடம் வேறு இருக்கிறது. வல்லாரைச் சம்பல் சலாட் இல்லாமல் வேறென்ன? பொடியாக அரிந்த இலை, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிப்புளி. தேங்காய்ப்பூவில் கொழுப்பு உண்டுதான். ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் இருபது கலோரிக்கு மேல் வராது. அந்தக் கொழுப்பும் வீணில்லை. 2004 இல் அமெரிக்காவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், கொழுப்பே இல்லாத சோஸுடன் சலாட் சாப்பிட்டவர்களின் குருதியில் கரட், கீரை ஆகியவற்றின் கரோட்டீன் ஏறக்குறையச் சேரவே இல்லை. கொஞ்சம் எண்ணெய் வேண்டும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். நாற்பது கிராம் மயோனைஸ் தேவையில்லை.

ஒரு சாப்பாட்டைக் கடையில் வாங்குவதற்கும் வீட்டில் செய்வதற்கும் இடையில் விலை என்ற பெரிய மதிலும் நிற்கிறது. ஒரு பெட்டிச் சலாட்டின் விலை நாட்கூலிக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தில் கணிசமான பங்கு. 2022 நெருக்கடிக்குப் பின் கோழியும் முட்டையும் எத்தனையோ வீடுகளில் விசேட நாட்களுக்கு உரியவையாகிவிட்டன. இந்த வீடுகளுக்குச் சூடையும் நெத்தலியும் கோழிக்குக் குறைந்தவையல்ல. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். அவித்த கடலை 100 கிராமில் 9 கிராம் புரதம், அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம். அரிந்த கோவா, கரட், வெங்காயத்துடன் அவித்த கடலையும் ஒரு முட்டையும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தால் 15 கிராம் புரதம் உள்ள சலாட் தயார். மார்கழி, தை மாதங்களில் வலிகாமத் தோட்டங்களில் இருந்தே கோவாவும் கரட்டும் பீற்றூட்டும் மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்கு வருகின்றன.

கோழி கிடைக்கிறது என்றால் வீட்டில் வாட்டுவது கடினமில்லை. நெஞ்சிறைச்சியை விரல் தடிப்பில் அரிந்து, தயிர், மஞ்சள், மிளகு, உள்ளி, தேசிப்புளியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் சில துளி எண்ணெயுடன் இரு பக்கமும் வாட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. கருகிய ஓரங்களை வெட்டி எறிந்துவிடுங்கள். உப்புக் குறைவதைப் புளியும் மிளகும் ஈடுசெய்யும். மயோனைஸுக்குப் பதிலாகத் தயிரை அடித்து, மிளகும் புதினாவும் சேர்த்து விடலாம். நாற்பது கிராம் தயிருக்கு முப்பது கலோரிகூட வராது.

கழுவாத இலை

பச்சை இலையில் எங்களுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது. இலங்கையில் தைபோயிட் எனப்படும் நெருப்புக்காய்ச்சல் அதிகம் பதிவாகி வந்த மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முன்னணியில் இருந்து வந்திருக்கிறது. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியில் இருந்து கசிவது கிணற்றுக்குச் சேர அதிக தூரம் இல்லை. அந்தக் கிணற்று நீரில் கழுவிய இலை சமைக்கப்படாமலே வாய்க்குப் போகிறது. தோட்டத்தில் அடித்த மருந்தின் மிச்சமும் அதில் இருக்கலாம். கடையில் எந்த நீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. வீட்டில் என்றால் இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் நீரில் இரண்டு மூன்று தரம் கழுவி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசி எடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

மயோனைஸிலும் கவனம் வேண்டும். பச்சை முட்டையில் அடித்துச் செய்யும் மயோனைஸ் வெயிலில் சில மணித்தியாலங்கள் நின்றாலே சல்மொனெல்லாக் கிருமி பெருகப் போதும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது இதனால்தான். கர்ப்பிணிகளும், குழந்தைகளும், முதியவர்களும், சலரோகக்காரரும் கடையிலேயே செய்த மயோனைஸைத் தவிர்ப்பது நல்லது. போத்தலில் அடைத்து வருவது பெரும்பாலும் பதப்படுத்திய முட்டையில் செய்தது. கிருமிப் பயம் குறைவு, எண்ணெய் குறைவில்லை.

கடையில் வாங்குவதென்றால் நான் கேட்பவை இவைதான். சோஸைத் தனியாகத் தாருங்கள், மேலே ஊற்ற வேண்டாம். பாண் துண்டும் சீஸும் வேண்டாம். கோழி பொரித்ததா, வாட்டியதா? கிறில் என்று எழுதிவிட்டு எண்ணெயில் போட்டெடுக்கும் கடைகளும் உண்டு என்பதால் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. தேசிக்காய்ப் பாதி ஒன்று இருந்தால் தாருங்கள். அதோடு சலாட் எடுத்த துணிவில் பெரிய மென்பானம் ஒன்றை வாங்காமல் தண்ணீர்ப் போத்தலை எடுப்பது. கோழி ஊறவைத்ததில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இரண்டு கடைகளில் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் சமையல் செய்யும் பெடியன் உள்ளே இருந்து வெளியே வந்து, உப்புப் போடாமல் ஒரு பங்கு தனியாக ஊறவைக்கலாம், ஆனால் காலையிலேயே சொல்ல வேண்டும் என்றான். கோப்பாய்க்காரரின் மகனுக்கு அந்தக் கடையின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.